லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் எங்கள் அத்தையின் காதும்

மேல்மலையனூர்க்காரி ஒலிபெருக்கியைப் பற்றி எழுதுகிறாள் என்றதும், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். "உங்க ஊர்ல வேற ஸ்பீக்கர் வேணுமா?" என்று கேட்பார்கள். நியாயம்தான். அமாவாசை வந்தால் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு ஊரே கொள்ளாத ஜனம். பம்பை, உடுக்கை, அதற்கு மேல் கடைக்குக் கடை பாட்டு. அன்று ராத்திரி எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள்கூடத் தாளம் போடும்!

ஆனால் நான் சொல்ல வந்தது கோயில் ஒலிபெருக்கியைப் பற்றி அல்ல. வீட்டுக் கூடத்தில் வைத்துப் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கரைப் பற்றி. அதுவும் ஆயிரத்தில் அல்ல, லட்சத்தில் விலை சொல்லும் ஸ்பீக்கரைப் பற்றி. அது எங்கள் வீட்டில் ஒரு மாதம் தூக்கத்தைக் கெடுத்தது. கடைசியில் நாங்கள் எதிர்பார்க்காத ஒரு நல்லதையும் செய்தது.

சீட்டு எடுத்த அன்று

என் வீட்டுக்காரருக்குப் பாட்டு என்றால் உயிர். சின்ன வயசில் அவர்கள் வீட்டில் ரேடியோ கிடையாது. செஞ்சி கடைத்தெருவில் டீக்கடை வாசலில் நின்று, டீ குடிக்கக் காசில்லாமல், பாட்டு மட்டும் கேட்டுவிட்டு வந்தவர். கல்யாணமான புதிதில் எனக்குப் புடவை எடுத்த கையோடு ஒரு டேப் ரிக்கார்டரும் வாங்கி வந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாதே.

போன வருஷம் எங்களுக்கு ஒன்றே முக்கால் லட்சம் சீட்டுப் பணம் வந்தது. பெண் நர்சிங் படிப்பில் சேரப் போகிறாள், அதற்கென்று கட்டிய சீட்டு. அதே வாரம் இவர் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார். அண்ணா சாலையில் ஒரு கடையில் நுழைந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டிருக்கிறார். திரும்பி வந்தவர் சாப்பிடக்கூட இல்லை.

"ஏம்மா, மூணு லட்சத்து இருபதாயிரம் சொல்றான். வயலின் எதிர்ல உக்காந்து வாசிக்கிற மாதிரியே இருக்கு. சீட்டுப் பணம் இருக்கு. உன் வளையலை ஆறே மாசம் வெச்சா மீதியும் வந்துடும்."

எனக்குத் தலை சுற்றியது. "ஏங்க, பொண்ணு ஃபீஸ் எங்கே போறது?" என்றேன். அவர் பேசவில்லை. அந்த மௌனம் இரண்டு நாள் நீடித்தது. ஆசைப்பட்டதைக் கேட்டு வாங்கத் தெரியாத மனுஷர் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, சரி என்று சொல்லவும் வழியில்லை.

சரி, மூன்று லட்சத்தில் அப்படி என்னதான் இருக்கிறது, தெரிந்துகொண்டு பேசுவோம் என்று இறங்கினேன்.

ஒரு பெட்டிக்கு ஏன் இவ்வளவு விலை?

என் கொழுந்தனார் மகன் செஞ்சியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பெரியம்மா, உள்ளே இருக்கிற விஷயம் எல்லாத்துலயும் ஒண்ணுதான். ஒரு காந்தம், ஒரு கம்பிச் சுருள், ஒரு காகிதக் கூம்பு. சுருள்ல கரண்ட் போகும்போது கூம்பு முன்னும் பின்னும் ஆடுது. அது காத்தைத் தள்ளுது. அதான் சத்தம்" என்றான். 1925-ல் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு பேர் இப்படி ஒரு ஸ்பீக்கரைச் செய்து காட்டினார்களாம். நூறு வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை.

அப்புறம் விலை எங்கே ஏறுகிறது? முதலில் பெட்டியில். நம் ஊர் வீணையைப் பலா மரத்தில் குடைவது, அந்த மரமே சேர்ந்து பாடட்டும் என்பதற்காக. ஸ்பீக்கர் பெட்டியோ நேர் எதிர். அது பாடக் கூடாது! உள்ளே கூம்பு தருகிற சத்தத்தோடு பெட்டியும் சேர்ந்து அதிர்ந்தால் பாட்டு கொழகொழவென்று ஆகிவிடும். அதனால் பெட்டியைக் கனமாக, குறுக்குச் சட்டம் போட்டு, ஊமையாகச் செய்கிறார்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போம் இல்லையா? "டங்" என்றால் நல்ல பானை. ஸ்பீக்கரைத் தட்டினால் "டொக்" என்று அடங்க வேண்டும். அதுதான் நல்ல பெட்டி. கடைக்குப் போகும் சகோதரிகள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விற்பவர் அசந்துபோவார்.

இரண்டாவது, கனத்த சத்தத்தைப் பெரிய கூம்புக்கும் மெல்லிய சத்தத்தைச் சின்னதற்கும் பிரித்து அனுப்பும் உள் இணைப்பு. இதுவரைக்கும் கொடுக்கிற காசுக்கு அர்த்தம் உண்டு. அதற்கு மேலே போவது மேல்பூச்சு, அழகான மர ஒட்டு, குறைந்த எண்ணிக்கையில் கையால் செய்வது, கப்பல் கூலி, இறக்குமதி வரி, கடைக்காரர் லாபம், பெயருக்கு ஒரு விலை. கல்யாணப் பட்டில் ஜரிகைக்கு ஒரு விலை, கடையின் பெயருக்கு ஒரு விலை என்று நமக்குத் தெரியாதா?

மூன்று லட்சத்தோடு இது நிற்பதும் இல்லை. அமெரிக்காவில் வில்சன் ஆடியோ என்ற கம்பெனி சில வருஷங்களுக்கு முன் வெளியிட்ட ஒரு ஜோடி ஸ்பீக்கரின் விலை 6,85,000 டாலர். அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு நாலு கோடிக்கு மேல்! அதையும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு கோடியில் நம் பக்கம் என்னென்ன செய்யலாம் என்று நினைத்துப் பார்த்தேன். பாதியிலேயே பெருமூச்சு வந்துவிட்டது.

ஏமாந்த ஒரு மாணவர்

விலைக்குத் தகுந்த சத்தம் இல்லையே என்று வருத்தப்பட்டவர்களில் நம் நாட்டு ரத்தமும் உண்டு. சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டு, வெள்ளைக்காரர்களிடம் இருந்து தப்பி அமெரிக்கா போன வங்காளி நோனி கோபால் போஸ். அவர் மகன் அமர் போஸ் 1929-ல் பிலடெல்பியாவில் பிறந்தார். யுத்த காலத்தில் குடும்பம் கஷ்டப்பட்டபோது, பள்ளிக்கூடப் பையனாக இருந்துகொண்டே ரேடியோ ரிப்பேர் செய்து சம்பாதித்துக் கொடுத்தவர்.

1956-ல் படிப்பை முடிக்கும் சமயம், தனக்குத் தானே ஒரு பரிசு போல நல்ல ஸ்டீரியோ வாங்கினார். விவரத்தாளில் எல்லா அளவும் உயர்வாக இருந்தது. வீட்டில் போட்டால் வயலின் வயலினாக இல்லை! அளவெல்லாம் சரியாக இருந்தும் காதுக்கு ஏன் சரியாக இல்லை என்று ஆராயத் தொடங்கியவர், 1964-ல் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார். கச்சேரி மண்டபத்தில் நம் காதுக்கு வரும் சத்தத்தில் பெரும்பங்கு சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவது என்பது அவர் கண்டு சொன்ன முக்கியமான விஷயம். அப்படியானால் கேட்கிற அறையும் ஸ்பீக்கரில் பாதி என்று ஆகிறது அல்லவா?

வேட்டி மறைவில் ஒரு பரீட்சை

என் வீட்டுக்காரரின் பள்ளித் தோழர் ஒருவர் புதுச்சேரியில் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் அவர் பிள்ளை வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர், ஏறக்குறைய மூன்று லட்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் கிளம்பினோம். அத்தையையும் கூட்டிக்கொண்டோம். கொழுந்தனார் மகன் தெரிந்த கடையில் இருந்து 38,000 ரூபாய் ஜோடி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். எங்கள் வீட்டில் இருந்த 4,500 ரூபாய் ஜோடியையும் தூக்கிப் போனோம்.

மூன்றையும் வரிசையாக வைத்து, முன்னால் மெல்லிய எட்டு முழ வேட்டியைக் கொடி கட்டித் தொங்கவிட்டோம். கனமான போர்வை போட்டால் அது சத்தத்தை மறைத்துவிடுமாம். அவன் செய்த இன்னொரு காரியம் முக்கியம். மூன்றின் சத்தத்தையும் போனில் அளந்து ஒரே அளவுக்குக் கொண்டுவந்தான். "கொஞ்சம் சத்தமா இருக்கிறது எப்பவுமே நல்லா இருக்கிற மாதிரி தோணும் பெரியம்மா. கடையில ஏமாத்துறதே அப்படித்தான்" என்றான்.

மூன்று பாட்டு. ஒரு வயலின், ஒரு மிருதங்கத் தனி ஆவர்த்தனம், ஒரு பழைய சினிமாப் பாட்டு. எது எந்த ஸ்பீக்கர் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். நாங்கள் துண்டுச் சீட்டில் மார்க் போட்டோம், பள்ளிக்கூடம் மாதிரி!

முடிவு என்ன தெரியுமா? எங்கள் வீட்டு 4,500 ரூபாய் ஜோடி எல்லாச் சீட்டிலும் கடைசி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 38,000-க்கும் மூன்று லட்சத்துக்கும் நடுவே சீட்டுகள் சிதறிவிட்டன. என் பெண் மூன்று தடவையும் விலை உயர்ந்ததையே சரியாகத் தேர்ந்தெடுத்தாள். தோழரின் மனைவி மூன்று தடவையும் 38,000-ஐ. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு தடவை 38,000, ஒரு தடவை மற்றது. சொந்தக்காரரே ஒரு பாட்டில் தன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு மற்றதற்கு மார்க் போட்டிருந்தார்! மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் விழும்போது மட்டும் உயர்ந்த ஜோடியில் ஒரு நிறைவு இருந்தது உண்மை. அதை மறைக்கக் கூடாது. பழைய சினிமாப் பாட்டிலோ மூன்று லட்சத்தில்தான் இரைச்சல் அதிகமாகத் தெரிந்தது. அந்தக் காலத்துப் பதிவில் இருந்த கரகரப்பையும் அது ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

வேட்டியை அவிழ்த்தோம். தோழர் தன் ஸ்பீக்கரில் மறுபடியும் அதே வயலினைப் போட்டார். என் வீட்டுக்காரர், "ஆஹா, இப்பத்தான் பாருங்க, அது அதுதான்!" என்றாரே பார்க்கலாம். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஐந்து நிமிஷத்துக்கு முன் அதே ஸ்பீக்கரில், அதே பாட்டுக்கு அவர்தான் குறைந்த மார்க் போட்டிருந்தார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் இதையே முறையாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். 40 பேருக்கு நாலு விதமான ஸ்பீக்கர்களைத் திரை மறைவிலும், கண்ணுக்குத் தெரியும்படியும் போட்டுக் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரிந்தபோது பெரிய, அழகான ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது. சின்ன, விலை குறைந்த ஸ்பீக்கருக்கு இறங்கியது. காதில் கேட்பதைக் கண் மாற்றிவிடுகிறது! வெள்ளித் தட்டில் வைத்த கேசரி கூடுதலாய் இனிக்கிற கதைதான்.

அத்தையின் சீட்டு

ஒரு சீட்டைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அத்தைக்கு எழுத வராது. என் பெண் கேட்டுக் கேட்டு எழுதினாள். எல்லாவற்றுக்கும் ஒரே மார்க்.

"ஏன் பாட்டி, ஒண்ணுகூட வித்தியாசம் தெரியலியா?"

"பாட்டு கேக்குது கண்ணு. வார்த்தைதான் தெரியல. எல்லாம் ஒண்ணா மொணமொணன்னு இருக்கு."

அந்த இடத்தில் எனக்குச் சுரீர் என்றது. இரண்டு வருஷமாக டிவியைப் பெரிதாக வைக்கிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. "வயசானா பிடிவாதம்தான்" என்று நானே பக்கத்து வீட்டில் அலுத்துக்கொண்டிருக்கிறேன். நாலு பேர் சேர்ந்து பேசும்போது மெதுவாக எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேனே தவிர, பேச்சு புரியாமல் போகிறார் என்று தோன்றவே இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாததை, வேட்டி மறைவில் வைத்த ஸ்பீக்கர் சொல்லிவிட்டது.

அடுத்த வாரமே காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனோம். முதலில் காதுக் குறும்பி எடுத்தார். சில பேருக்கு அதிலேயே சரியாகிவிடுமாம். பிறகு கண்ணாடி அறையில் உட்கார வைத்துச் சோதனை. இரண்டு காதிலும் மெல்லிய, கீச்சென்ற சத்தங்கள் கேட்பது குறைந்திருந்தது.

டாக்டர் அழகாக விளக்கினார். நம் உள்காது ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒரு தடவை அழிந்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சுச் சத்தத்தைப் பிடிக்கும் செல்கள். ச, ஸ, த, ப போன்ற எழுத்துகளின் ஓசை அங்கேதான் இருக்கிறது. உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். அதனால்தான் "கேக்குது, புரியல." கத்திப் பேசியும் பிரயோஜனம் இல்லை. முகத்துக்கு நேரே நின்று, நிதானமாகப் பேசினால் போதும்.

சின்ன வயசில் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் காது, நாற்பதைத் தாண்டினால் 15,000-க்குப் பக்கத்திலேயே நின்றுவிடுகிறது. என் பெண் கண்டுபிடித்ததை நாங்கள் கோட்டைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். "எங்கள் ஸ்பீக்கர் 40,000 வரை போகும்" என்று விளம்பரம் செய்வதை யாருக்காக வாங்குவது?

பணம் எங்கே போனது?

இரண்டு காதுக்கும் கேட்கும் கருவி 52,000 ரூபாய் ஆயிற்று. என் வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை, தானே எண்ணிக் கொடுத்தார். மீதி பெண்ணின் படிப்புக்கு. வளையல் கையிலேயே இருக்கிறது. வசதி இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். செவித்திறன் சோதனை செய்து சான்றிதழ் பெற்ற தகுதியுள்ளவர்களுக்கு அரசே இலவசமாகக் கருவி தருகிறது.

கருவி மாட்டியதும் அத்தை ஆனந்தக் கண்ணீர் விட்டார் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் சொன்னது, "இந்த மிக்சி இவ்ளோ சத்தமா போடுது? நிறுத்துடி!" ஒரு வாரம் கழற்றி அஞ்சறைப் பெட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டார். மூளை பழகச் சில வாரங்கள் ஆகும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த அமாவாசைக்கு அவரே எடுத்து மாட்டிக்கொண்டார். ஊஞ்சல் முடிந்து வந்து, "பம்பைக்காரரு என்ன பாடுனாருன்னு இன்னிக்குத்தான் புரிஞ்சுது" என்றார். என் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்புறம் போனவர், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

அவர் ஆசை என்ன ஆனது? ஆறு மாதம் கழித்து, போனஸ் பணத்தில், வேட்டி மறைவில் நாங்கள் பார்த்த அதே ரகத்தில் ஒருவர் உபயோகித்த ஜோடியை 22,000-க்கு வாங்கினார். மூன்று லட்சத்து விலைத்தாள் இன்னும் அவர் டைரிக்குள் இருக்கிறது. இருக்கட்டுமே! எனக்கும் ஒரு வைரத்தோட்டின் படம் அலமாரியில் இருக்கிறது.

வாங்கும் முன் கவனிக்க

* கூடத்தில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். கணீரென்று எதிரொலித்தால், முதலில் திரைச்சீலை, பாய், ஜமுக்காளம், புத்தக அலமாரிக்கு வழி செய்யுங்கள். வெறும் சிமென்ட் அறையில் லட்ச ரூபாய் ஸ்பீக்கரும் கத்தத்தான் செய்யும்.
* மூலையில் ஒட்டி வைக்காதீர்கள், "தும் தும்" என்று ஊதும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமும், உங்களுக்கும் அவற்றுக்கும் உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். சின்னக் கூம்பு உட்கார்ந்தவர் காது உயரத்தில் இருக்கட்டும்.
* "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்ற எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். சாதாரணமாக வீட்டில் கேட்க ஓரிரு வாட்டே செலவாகிறது.
* ஸ்பீக்கருக்குப் போகும் ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டாம். போதுமான தடிமன் உள்ள சாதாரணத் தாமிரக் கம்பி போதும்.
* உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோய், ஒரே சத்த அளவில், முடிந்தால் கண்ணை மூடிக் கேளுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. 3 டெசிபல் ஏறினால் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணிதான். காதில் செருகிக் கேட்கும் கருவிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி, 80 டெசிபல் என்றும், குழந்தைகளுக்கு 75 டெசிபல் என்றும் வரம்பு சொல்கிறது. திருவிழாவில் பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கைக்குழந்தையோடு நிற்காதீர்கள். நாலடி தூரத்தை எட்டடியாக்கினாலே திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் அளவு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம்.

குழந்தை திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறதா, ஆறு மாதத்தில் சத்தம் வரும் பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால், "எங்க வீட்ல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவோம்" என்று நாள் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தையின் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், குச்சி விட்டுக் குடைவதும் வேண்டாம்.

லட்ச ரூபாய் ஸ்பீக்கர் விலைக்குத் தகுமா என்று கேட்டால், என் பதில் இதுதான். நாலாயிரத்தில் இருந்து நாற்பதாயிரத்துக்குப் போனால் பாட்டு மாறுகிறது. அதற்கு மேல் போகப் போக, பாட்டு கொஞ்சம்தான் மாறுகிறது, பில்தான் நிறைய மாறுகிறது. பணம் மிதமிஞ்சி இருப்பவர்கள் வாங்கட்டும், சந்தோஷம். நம்மைப் போன்றவர்கள் வாங்குவதற்கு முன், வீட்டில் டிவியைப் பெரிதாக வைப்பவர் யார், கூப்பிட்டால் திரும்பாதவர் யார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முதல் செலவு அந்தக் காதுக்கு ஆகட்டும்.